விலக்குப் பெற்ற ஏழு கோப்புகள்

கண் வைத்தியர் சதுரக் கட்டங்கள் போட்ட ஒரு தாளை என் முன்னால் பிடித்து, நடுவில் உள்ள புள்ளியைப் பார்க்கச் சொன்னார். புள்ளி இல்லை என்றேன். அது இருக்கவேண்டிய இடத்தில் ஈரக் கை பட்ட மைபோல ஒரு கலங்கல்தான் எனக்குத் தெரிந்தது. ஓரத்துக் கட்டங்கள் மட்டும் நேராக இருந்தன. இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஐந்து என்று எண்ணிச் சொன்னேன். மற்றக் கண்ணுக்கு நாலும் ஏழும். எண்ணத் தேவையில்லை என்றார் வைத்தியர். முதுமையில் விழித்திரையின் நடுவில் வரும் நோய் இது, முழுக் குருடாகமாட்டீர்கள், ஓரப்பார்வை கடைசிவரை இருக்கும், எழுத்து வாசிப்பதுதான் போகும் என்று விளக்கினார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும், இனிப் பேப்பரைத் தானே வாசித்துச் சொல்வதாக மனைவி சொன்னாள். பேப்பரில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. மரண அறிவித்தல்களைப் பார்த்துவிட்டு மடித்து வைப்பதுதான் பல காலமாக என் பழக்கம். என் கவலையெல்லாம் மேசையில் இருந்த கணினியைப் பற்றியது. அதற்குள் நான் எழுதிய ஏழு கோப்புகளைப் பற்றியது. அவற்றில் என்னால் இன்னும் எவ்வளவு காலம் வேலை செய்யமுடியும் என்பதைப் பற்றியது.

நீர்ப்பாசனக் கந்தோரில் வரைஞனாகச் சேர்ந்து, தொழில்நுட்ப உத்தியோகத்தனாக ஓய்வுபெற்றவன் நான். கந்தோருக்கு முதற்கணினி வந்தபோது அதற்குப் பக்கத்தில் உட்கார ஒருவரும் விரும்பவில்லை. அந்த அறையில் மின்விசிறி நன்றாகச் சுற்றியதால் நான் போய் உட்கார்ந்தேன். அப்படித்தான் நிரல் எழுதப் பழகினேன். ஓய்வுக்குப் பிறகு குருக்கள்மடத்தில் வீட்டோடு இருக்க முடியாமல், வாவிக்கு மறுகரையில் வவுணதீவுப் பக்கத்து வயற்காரரின் கமக்கார அமைப்பு ஒன்றுக்காகத் தண்ணீர் முறையை அறிவிக்கும் மென்பொருள் ஒன்றை எழுதினேன்.

மழை குறைந்த சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். எந்த வாய்க்காலுக்கு எந்த நாள், துருசு என்னும் குளத்து மதகு எப்போது திறக்கும், எப்போது பூட்டும் என்பதையெல்லாம் முன்பு வட்டை விதானை மோட்டார் சைக்கிளில் ஓடி ஓடிச் சொல்வார். ஒரே வாய்க்காலில் பாயும் வயல்வெளியை எங்கள் பக்கத்தில் வட்டை என்போம். அதன் தண்ணீருக்குப் பொறுப்பானவர் விதானை. என் மென்பொருள் அதே செய்தியை ஒவ்வொரு கமக்காரரின் கைத்தொலைபேசிக்கும் குறுந்தகவலாக அனுப்பும். முதலில் ஒரு வட்டை, நூற்றுப் பன்னிரண்டு பேர். பிறகு ஆறு வட்டைகள், எழுநூற்று நாற்பது பேர்.

வட்டை கூடக் கூட வேலைக்கும் ஆள் தேவைப்பட்டது. பெரியகல்லாற்றில் இருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். கொழும்புக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுபவள். தகப்பனுக்கு வாவியின் மறுகரையான படுவான்கரையில் இரண்டு ஏக்கர் வயல் இருந்ததால் இந்த வேலையில் அக்கறை வந்தது. மட்டக்களப்பு நகரத்தில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் ஒருவர் சேர்ந்தார். நாலாவது ஆள் சேர்ந்த சில மாதங்களில் கனடாவுக்குப் போய்விட்டார், அங்கிருந்தபடியே எழுதினார். ஒருவருக்கும் சம்பளம் இல்லை. நிரல் எல்லோருக்கும் பொதுவான ஓர் இடத்தில் இருந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து, சரி என்று பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் அது உள்ளே சேரும். கோப்புகள் முப்பத்தொன்றாகின. அவற்றில் ஏழு என்னுடையவை.

என் ஏழும் மற்ற இருபத்து நாலைப் போல இருக்கவில்லை. நாங்கள் எழுதும் மொழி வெளிகளை, அதாவது எழுத்தில்லாத வெற்றிடங்களை, கணக்கில் எடுப்பதில்லை. ஒரு வரிக்கு முன்னால் எத்தனை வெளி விட்டாலும் அதற்கு ஒன்றுதான். ஆகவே நான் என் விருப்பப்படி விட்டேன். முப்பது வருடம் வட்டைகளின் வரைபடம் வரைந்த கை வேறு எப்படி எழுதும்? பெருவாய்க்கால் பற்றிய வரிகள் இடது ஓரத்தில் தொடங்கும். கிளை வாய்க்கால் என்றால் எட்டு வெளி தள்ளி. அதிலிருந்து பிரியும் கானுக்குப் பதினாறு. வாவியோரத்துக் கடைசி வயல்களைப் பற்றிய வரிகள் நாற்பது வெளி தள்ளித் திரையின் வலப்பக்கத்தில் தனியாக நிற்கும். ஒரு கிளைக்கும் அடுத்த கிளைக்கும் நடுவே வரம்புபோலப் பன்னிரண்டு வெற்று வரிகள். திறக்கும் பகுதிக்கு மேலே சமக்குறிகளால் தடித்த ஒரு கோடு, பூட்டும் பகுதிக்கு மேலே இரண்டு கோடுகள்.

கண் பழுதான பிறகு அந்த வடிவம்தான் என்னைக் காப்பாற்றியது. எழுத்து கலங்கினாலும் கோடு தெரியும். தலையைச் சரித்து ஓரக்கண்ணால் பார்த்தால் வலப்பக்கத்தில் தனித்து நிற்கும் வரிகள் தெரியும். நான் எந்த வட்டையில், எந்தக் கானில் நிற்கிறேன் என்பதை ஒரு சொல்லும் வாசிக்காமல் கண்டுபிடிப்பேன். அந்த இடத்தில் வைத்து எழுத்தைப் பெரிதாக்கி, மாற்றவேண்டிய ஒரு வரியை மட்டும் எழுத்துக் கூட்டி மாற்றுவேன். மெதுவான வேலைதான். ஆனாலும் நடந்தது. மனைவியைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் என்னை மரியாதையோடு ஓரத்தில் இருத்திவிடுவார்கள் என்று பயந்தேன்.

அந்தச் சிறுபோகத்தில் ஒரு பிழை நடந்தது. துருசு பூட்டப்போகும் செய்தி ஒரு கிளை வாய்க்காலுக்குப் போகவில்லை. நாற்பத்தாறு கமக்காரர். அவர்கள் இன்னும் ஒரு நாள் தண்ணீர் வரும் என்று நம்பிக்கொண்டிருக்க, துருசு பூட்டிவிட்டது. விதானை வாவியைச் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கே வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றாமல் படியில் நின்றபடி பேசினார்.

"சேர், உங்கட மெசின் திறக்கக்குள்ள ஊரெல்லாம் சொல்லுது. பூட்டக்குள்ள வாயத் திறக்குதில்ல. அரைவாசி வயலுக்குத் தண்ணி ஏறல்ல. நான் பழையபடி மோட்டச்சைக்கிள்ல ஓடட்டா?"

தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். குடிக்காமல் போனார். குடிக்காமல் போனதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

பிழை எங்கே வந்தது என்று பெரியகல்லாற்றுப் பெண் தேடிக் கண்டுபிடித்தாள். கடைக்காரர் அனுப்பிய ஒரு திருத்தத்தில் அறுநூற்றுப் பதினாலு வரிகள் மாறியதாகக் கணினி காட்டியிருந்தது. உண்மையில் மாறியவை மூன்று. மற்ற அறுநூற்றுப் பதினொன்றும் வெறும் வெளிகள். கடைக்காரரின் கணினி, அவர் கோப்பைத் திறந்து சேமித்தவுடன், வரிகளின் முன்னால் இருந்த என் வெளிகளைத் தன் முறைக்கு மாற்றிவிட்டது. அந்தக் குப்பைக்குள் கிடந்த மூன்றில் ஒன்று பிழை. அவள் பார்த்தாள், கனடாக்காரர் பார்த்தார், இருவரும் பச்சைப் பொத்தானை அழுத்தினார்கள். அவ்வளவு வரிக்குள் யாருக்கு என்ன தெரியும்? பிழையைத் திருத்தியபோது என் பழைய வெளிகளையும் அவள் திருப்பி வைத்தாள்.

பௌர்ணமிப் போயா லீவு நாளில் அவளுடைய வீட்டில் கூடினோம். கனடாக்காரர் திரையில் இருந்தார். நான் பஸ்ஸில் போனேன். இறங்க வேண்டிய இடத்தின் பெயர்ப்பலகை தெரியாததால் வளைவுகளை எண்ணிக்கொண்டு போய்ச் சரியாக இறங்கினேன். வாவியில் பிடித்த இறால் பொரித்து வைத்திருந்தாள். இருபது இறால், ஆளுக்கு ஐந்து வரும், கனடாக்காரரின் ஐந்தையும் கடைக்காரர் தின்றார்.

அவள் சொன்னது சுருக்கமானது. இனி எல்லாக் கோப்புக்கும் ஒரே எழுத்து முறை. உள்ளே தள்ளுவதற்கு நாலு நாலு வெளி. வெற்று வரி ஒன்றுக்கு மேல் கூடாது. அலங்காரக் கோடுகள் கூடாது. ஒரு வரி நூறு எழுத்தைத் தாண்டக்கூடாது. இதை மனிதர் பார்த்துச் செய்யத் தேவையில்லை, ஒரு கருவி இருக்கிறது, சேமிக்கும்போது அதுவே எல்லாவற்றையும் ஒழுங்காக்கிவிடும். அதன் பிறகு மாறிய வரி என்று கணினி காட்டினால் அது உண்மையாகவே மாறிய வரியாக இருக்கும்.

நான் மூன்று காரணம் சொல்லி எதிர்த்தேன். ஓடுகிற மென்பொருளைப் போகத்தின் நடுவே தொடக்கூடாது என்றேன். போகம் முடிந்த பிறகு செய்வோம் என்றாள். கருவியே பிழை விட்டால் என்ன செய்வது என்றேன். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து, இரண்டும் ஒரே செய்திகளை அனுப்புகின்றனவா என்று ஒப்பிடலாம் என்றாள். ஒவ்வொருவரின் கைக்கும் ஒரு பழக்கம் உண்டு, அதைக் கெடுக்கக்கூடாது என்றேன். இதற்குத்தான் கடைக்காரர் வாயைத் திறந்தார்.

"சேர்ர கோட்டுக்குள்ள கிடக்கிற வெளியில விதைச்சா ரெண்டு போகம் எடுக்கலாம்."

கனடாக்காரர் சிரித்தது நேரம் பிந்தித் திரையில் கேட்டது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"சேர், உங்கட முறையில பிழை இல்ல," என்றாள். "என்ட முறையிலயும் இல்ல. ஆளுக்கொரு முறை கிடக்கிறதுதான் பிழை. எது மாறின வரி எண்டு என்ட கண்ணுக்குத் தெரியல்ல. அந்த நாப்பத்தாறு பேருக்கு நான் என்ன சொல்லுற?"

என் மூன்று காரணமும் அதோடு முடிந்தன. நாலாவது காரணம் ஒன்று இருந்தது. அதை அந்த மேசையில், இறால் தோல் குவிந்த கோப்பைகளின் நடுவே வைத்துச் சொல்ல மனம் வரவில்லை. கை உயர்த்தச் சொன்னபோது நானும் உயர்த்தினேன். நாலுக்கு நாலு. திரும்பும் வழியில் கடைக்காரர் என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து வாசலில் இறக்கினார். கேலி செய்ததற்காக மனம் நோகவேண்டாம் என்றார். நோகவில்லை என்றேன். அது உண்மை.

போகம் முடிந்தது. அவள் கருவியை ஓட்டினாள். அடுத்த நாள் காலை கண்ணுக்குத் துளி மருந்து விட்டுக்கொண்டு, மருந்து இறங்கும்வரை காத்திருந்து, என் கோப்பு ஒன்றைத் திறந்தேன். முதலில் வேறு யாருடையதையோ திறந்துவிட்டேன் என்று நினைத்து மூடினேன். மறுபடி திறந்தேன். அதேதான்.

இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு வரியாக இருந்தது ஆயிரத்து நானூற்றுச் சொச்சமாகச் சுருங்கியிருந்தது. கோடுகள் இல்லை. வரம்புகள் இல்லை. வலப்பக்கத்தில் தனியாக நின்ற வாவியோர வயல்கள் இடது ஓரத்தோடு வந்து ஒட்டிக்கொண்டன. ஓரக்கண்ணால் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே சாம்பல் பட்டை. மாரி வெள்ளத்தில் வட்டை முழுவதும் மூடிக் கிடக்கும்போது எது யாருடைய வயல் என்று தெரியாமல் நிற்பது எனக்குப் பழக்கம்தான். அப்போதும் தண்ணீருக்கு மேலே ஒன்றிரண்டு மரமாவது நிற்கும். இதில் அதுவும் இல்லை.

எழுத்தைப் பெரிதாக்கினேன். வாசிக்கக்கூடிய அளவுக்குப் பெரிதாக்கினால் திரையில் அரை வரிதான் நின்றது. அரை வரியைக் கொண்டு எங்கே நிற்கிறேன் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கணினியை வாசித்துச் சொல்லவைக்கும் வசதி ஒன்று இருப்பதாக அறிந்து அதையும் முயன்றேன். வெள்ளைக்காரப் பெண்ணின் குரல் ஒன்று, நான் வாய்க்காலுக்கும் கானுக்கும் வைத்த தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் கண்டு அடித்து நொறுக்கி வாசித்தது. அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாகச் சொன்னது. இருபது வரிக்குள் முதல் வரி மறந்துவிட்டது. கண்ணில்லாதவர்கள் இதைக்கொண்டு பெரிய வேலைகள் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவர்கள் இளமையில் பழகியவர்களாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் என்னைவிடப் பொறுமைசாலிகளாக இருக்கவேண்டும்.

விதானை ஒரு புதிய கானைச் சேர்க்கச் சொல்லியிருந்தார். முன்பு ஒரு முற்பகலில் முடிக்கக்கூடிய வேலை. ஐந்து தரம் முயன்றேன். ஐந்தாவது தரம் சேர்த்துவிட்டேன் என்று நினைத்து ஓட்டிப் பார்த்தபோது, அந்தக் கானின் பன்னிரண்டு பேருக்கும் வேறொரு வட்டையின் நாள் போனது. சோதனைதான், உண்மையான செய்தி இல்லை. சேர்த்ததை அழித்துவிட்டு, பெரியகல்லாற்றுப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மகள், எனக்கு நடுப்பார்வை போயிற்று," என்றேன். "ஓரத்தாலதான் பாக்கிறன். எழுத்துத் தெரியா. உருவம்தான் தெரியும்."

"எவ்வளவு காலமா, சேர்?"

"கூட்டத்துக்கு முந்தியே."

"அப்ப அண்டைக்கு ஏன் கை உயர்த்தின நீங்க?"

"நீங்க சொன்னது சரி எண்டதால."

அவள் அழுதாளா என்று தெரியாது. கோழி கூவும் சத்தமும் பிள்ளையொன்று எதையோ கேட்கும் சத்தமும் வந்தன. பின்னேரம் எடுப்பதாகச் சொல்லி வைத்தாள். பின்னேரம் எடுத்தபோது முடிவெடுத்திருந்தாள். கருவி தொடக்கூடாத கோப்புகள் என்று ஒரு பட்டியல் வைக்கலாம், அதில் என் ஏழையும் போட்டுவிடலாம், பழைய வடிவத்தை அப்படியே திருப்பித் தரலாம் என்றாள். மற்ற இருவரிடமும் கேட்டுவிட்டாளாம். கடைக்காரர் ஒரு பகிடியும் விடாமல் ஓம் என்றாராம். அதைக் கேட்டதும், என் நிலைமை மோசம்தான் என்று எனக்கு விளங்கியது.

வடிவம் திரும்பி வந்தது. கோடுகள், வரம்புகள், நாற்பது வெளி தள்ளி நிற்கும் வயல்கள், எல்லாம். புதிய கானை அன்றே சேர்த்தேன். அவள் பார்த்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். சில மாதங்கள் எனக்குச் சாப்பாடு இறங்கியது. அது சுகமாக இருந்த காலம் என்று இப்போது சொல்லலாம், ஆனால் அப்போதும் ஒன்றை நான் கவனித்தேன். முன்பு என் கோப்புகளில் மாதம் நாலைந்து திருத்தம் மற்றவர்களிடமிருந்து வரும். விலக்குக் கிடைத்த பிறகு ஒன்று வந்தது. பிறகு வரவில்லை. பிழை குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

மறுபோகத்தில் ஒரு கலியாண வீட்டில் விதானையைச் சந்தித்தேன். கோபமெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்துச் சாப்பிடச் சொல்லி என் இலையில் முள் இல்லாத மீன் துண்டாக எடுத்து வைத்தார்.

"இப்ப நல்லம் சேர். வாசிக்கத் தெரியாத ஆக்களுக்கும் போன் வருது. ஒரு பொம்பிளப் பிள்ள குரல்ல சொல்லுது, நாளைக்குத் துருசு திறக்கும் எண்டு. ஆரு அந்தப் பிள்ள?"

எனக்குத் தெரியாது. குரலில் அறிவிக்கும் வசதி இருப்பதே எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோலத் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து கணினியிடம் ஒரு கேள்வி கேட்டேன். என் ஏழு கோப்புகளில் உள்ள செயற்பாடுகளை மற்றக் கோப்புகள் எத்தனை இடத்தில் அழைத்துப் பயன்படுத்துகின்றன? தேடினால் அதுவே எண்ணிச் சொல்லும், அந்த ஒரு எண்ணை நான் பெரிதாக்கிப் பார்த்துவிடலாம். முன்பு முப்பத்தெட்டு. இப்போது ஒன்பது. மற்றவற்றுக்குப் பதிலாக வேறு எதையோ அழைக்கிறார்கள். புதிய கோப்புகள் ஆறு வந்திருந்தன. எல்லாம் நாலு வெளி, நூறு எழுத்து, ஒரே சாம்பல் பட்டை.

பெரியகல்லாற்றுப் பெண்ணைக் கேட்டேன். சுற்றி வளைக்காமல் சொன்னாள், அதற்கு நான் நன்றியுள்ளவன்.

"உங்கட கோப்பத் திறந்து சேமிச்சா எங்கட கருவி தன்பாட்டில மாத்திப்போடுமோ எண்டு எல்லாருக்கும் பயம், சேர். புதுசா வந்த ரெண்டு பேருக்கும் அதத் தொடவேணாம் எண்டுதான் சொல்லிக் குடுத்திருக்கன். தொடாத கோப்பில என்னத்தக் கட்டுற? அதால பக்கத்தில புதுசா எழுதிட்டம்."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"சொன்னா விலக்க எடுக்கச் சொல்லுவீங்க எண்டு தெரியும்."

யாரும் என்னைத் தள்ளவில்லை. நான் இருந்த அறையை அப்படியே எனக்கு விட்டுவிட்டு, வீட்டைப் பக்கத்துக் காணியில் கட்டத் தொடங்கிவிட்டார்கள். மரியாதையால் செய்த வேலை.

நான் அதை அப்படியே விட்டிருக்கலாம். ஏழு கோப்புகளும் எனக்குத் தெரியும் வடிவத்தில் கிடக்கும், நானும் தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் இன்னும் ஒன்பது அழைப்பு மிச்சம் இருந்தது. அவற்றில் நாலு, வாவியோர வயல்களைப் பற்றியவை. அந்த வயல்களில் தண்ணீர் பிந்தினால் வாவியின் உவர் ஏறிவிடும், பயிர் சிவந்து போகும். அதனால் கடைசியில் கிடக்கும் வயலுக்கே முதல் தண்ணீர் என்பது அந்த வட்டைகளின் ஒழுங்கு. அந்த ஒழுங்கு என் நாலாவது கோப்பில், நாற்பது வெளி தள்ளி இருந்தது. குரலில் அறிவிக்கும் புதிய கோப்பில் அது இல்லை. ஏன் என்று அவளிடம் கேட்டேன். கோப்பைத் தொடப் பயந்து, அந்த வயல்களுக்குக் குரல் அறிவித்தலைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளி வைத்திருந்தார்களாம். வாவியோரத்தில் முப்பத்திரண்டு பேர். அவர்களில் வாசிக்கத் தெரியாதவர்கள் எத்தனை என்று விதானையைக் கேட்டேன். பத்தொன்பது என்றார்.

எனக்குத் தெரிவதற்காக அந்தப் பத்தொன்பது பேருக்குத் தெரியாமல் போகிறது. கணக்கு இவ்வளவுதான், எப்படிப் போட்டாலும் விடை மாறவில்லை. நான் இரண்டு நாள் வேறு விதமாகப் போட்டுப் பார்த்தேன். நாலாவது கோப்பை மட்டும் கொடுத்து ஆறை வைத்துக்கொள்ளலாமா என்று பார்த்தேன். ஆறும் நாலாவதில் தொங்கிக்கொண்டிருந்தன.

பட்டியலில் இருந்து ஏழு பெயர்களையும் நானே அழித்தேன். அதற்குக் கண் தேவைப்படவில்லை, அந்தக் கோப்பில் இருந்தவை ஏழு வரிகள் மட்டும்தான். பிறகு அவளை அழைத்து, கருவியை ஓட்டச் சொன்னேன். உண்மையாகவா என்று ஒரு தரம் கேட்டாள். ஓம் என்றேன். தேவையான நேரம் தொலைபேசியில் வாசித்துச் சொல்வதாகச் சொன்னாள். மூன்று தரம் வாசித்தாள். நன்றாகத்தான் வாசித்தாள். ஆனால் அவளுக்குக் கொம்பனி வேலை இருக்கிறது, பிள்ளை இருக்கிறது. நாலாவது தரம் அழைத்தபோது ஒரு கூட்டத்தில் இருந்தாள், அதன் பிறகு நான் அழைக்கவில்லை. வாவியோர வயல்களுக்குக் குரல் போனது. விதானை சொன்னார்.

திருத்தங்களைப் பார்த்துச் சரி சொல்வோரின் பட்டியலில் என் பெயர் இன்னும் இருக்கிறது. யாராவது திருத்தம் அனுப்பினால் எனக்கும் அறிவித்தல் வரும். போன கிழமை நாலாவது கோப்பில் ஒரு திருத்தம் வந்தது. நான் ஒரு நாளும் கண்டிராத புதியவர் ஒருவர் அனுப்பியது. மனைவியை அழைத்து, மாறிய வரியை வாசிக்கச் சொன்னேன். நிறம் காட்டியிருப்பார்கள், பச்சையாக இருப்பது புதியது என்றேன்.

"ஒரு வரிதான் பச்சையாக் கிடக்கு," என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்து எழுத்தாக வாசித்தாள். கே, ஏ, டி, ஏ, ஐ. பிறகு ஒரு கீழ்க்கோடு. பிறகு ஒரு வளைவு. பிறகு மூண்டு. பிறகு வளைவின் மற்றப் பக்கம். சிவப்பில் இருக்கும் பழைய வரியையும் வாசிக்கச் சொன்னேன். எல்லாம் அதேதான், மூன்று இருந்த இடத்தில் நாலு.

கடை என்று நான் பெயர் வைத்த கடைசி வயல்களுக்கு, ஒரு தண்ணீருக்கும் அடுத்த தண்ணீருக்கும் இடையில் நாலு நாளை மூன்றாக்கியிருக்கிறார்கள். இந்த வருடம் உவர் உள்ளே கூட வந்திருக்கவேண்டும். விதானை அவர்களிடமே நேரே சொல்லியிருக்கவேண்டும். சரியான திருத்தம். நான் செய்திருந்தாலும் அந்த ஒரு வரியைத்தான் மாற்றியிருப்பேன்.

"சரி, பச்சைப் பொத்தான அழுத்துங்க," என்றேன்.

அவள் சுட்டியை அங்கும் இங்கும் நகர்த்தினாள். "பொத்தான் ஒண்டும் இல்ல. சேர்த்தாச்சு எண்டு போட்டிருக்கு. காலையில."

"ஆரு அழுத்தின?"

அவள் ஒரு பெயரை வாசித்தாள். அதுவும் எனக்குத் தெரியாத பெயர்.

"அப்ப என்னத்துக்கு என்ன இவ்வளவு நேரமும் வாசிக்க வெச்ச நீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், அடுப்பில் சொதி பொங்குகிறது என்று எழுந்து போனாள். கண்ணாடியைக் கணினிக்குப் பக்கத்தில் மறந்து வைத்திருந்தாள். எடுத்துப் போட்டுப் பார்த்தேன். எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை.